இரண்டு கையும் சமம்

அக்காவின் மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கத்தை, மண்டையைத் திறக்காமலே அடைத்துவிட்டார்கள். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, உள்ளே கம்பிச்சுருள் வைத்தாயிற்று. "சக்ஸஸ்" என்றார் பெரிய டாக்டர். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தம்பி அன்று இரவு கண்ணை மூடினான்.

இருவருக்கும் சேர்ந்து ஒரு தையல் கடை. வெட்டுவது அவள், தைப்பது அவன். அவள் இடக்கைக்காரி. கோட்டுத் துணியை நாலு மடிப்பாகப் போட்டாலும் ஒரே இழுப்பில் வெட்டிவிடுவாள். வலக்கை பேருக்குத்தான்.

காலையில் அந்த இடக்கையிலிருந்து டம்ளர் நழுவியது.

"தூக்கக் கலக்கம்டா" என்றாள்.

நர்ஸ் தன் விரல்களை நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். "ரெண்டு கையும் சமமா இருக்கு. நல்லா இருக்காங்க."

"சமமா இருக்கறதுதான் சிஸ்டர் தப்பு. அவங்க இடது கை இரும்பு மாதிரி இருக்கும்."

"அசதியா இருக்கும் சார். டாக்டர் வருவார்."

வந்தது சின்ன டாக்டர். அதே விரல், அதே பிடி. "சுருள் அழகா உக்காந்திருக்கு. படம் பாத்தேனே."

"படம் இருக்கட்டும் சார். கையப் பாருங்க."

"பாத்துட்டுத்தானே சொல்றேன். மறுபடி ஸ்கேன்னா பெரியவர் சொல்லணும். அவர் தியேட்டர்ல இருக்கார்."

தம்பி கவுன்ட்டருக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். கேட்ட இடத்திலெல்லாம் "வருவார்" என்ற ஒரே பதில். கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சட்டை அளவு தப்பிப்போன கஸ்டமர் மாதிரி ஏன்டா எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்கிற?" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.

பெரிய டாக்டர் வரும்போது மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். இடக்கை மெல்ல இறங்கிப் போர்வையில் படுத்தது. அவர் முகம் மாறியது.

"சுருள்கிட்ட ரத்தம் உறைஞ்சிருக்கலாம். உடனே ஸ்கேன். ஏன் முன்னாடியே என்னைக் கூப்பிடல?"

காலையிலிருந்து கெஞ்சியும் வராத அவசரம் இப்போது சக்கரம் வைத்துக்கொண்டு வந்தது. தள்ளுவண்டியோடு ஓடியபடியே தம்பி அவள் இடக்கையை எடுத்துக்கொண்டான்.

"அக்கா, இறுக்கிப் புடி."

"புடிச்சிட்டுத்தானடா இருக்கேன். தெரியல?"

அவன் உள்ளங்கையில் அவள் விரல்கள் விரிந்தபடியே கிடந்தன.

"தெரியுதுக்கா" என்றான்.