பெத்லகேமில் சிக்னல்

காலமெல்லாம் மணிசாலெஸ் நகரத்து மேடுபள்ளங்களில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெருவில் ஒரு தக்காளி கைநழுவினால் அடுத்த ஊர்ச் சந்தையில் போய்த்தான் பொறுக்க வேண்டும், அவ்வளவு சரிவு. அதற்கெல்லாம் அசராத என்னை, போன டிசம்பரில் சோப்பு டப்பா மாதிரி இருக்கும் வைஃபை பெட்டி மண்டியிட வைத்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் தெருவில் வீடு மாற்றி வீடு நடக்கும் நவநாள் ஜெபம், அன்று எங்கள் வீட்டு முறை. ராத்திரி நடப்பதை மாலைக்கு மாற்றியிருந்தோம், என் மச்சினி நூபியாவுக்காக. நவநாளின் கடைசிப் பாட்டை எங்கள் தெருவில் அவள்தான் பாடுவாள். இந்த வருடம் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஸ்பெயின் போய்த் தனியாகக் கிடக்கிறாள்; எங்களுக்கு மாலை என்றால் அங்கே நள்ளிரவு நெருங்கிவிடும். கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தாள், கைபேசி வழியாகப் பாட.

ஜெபத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் மனைவி ரோசால்பா கைபேசியைத் தட்டினாள். திரையில் வளையம் சுற்றியது, சுற்றியது, பூமியே இரண்டு தரம் சுற்றியிருக்கும்.

"ஏங்க, நெட் வரல. அவ அங்க காத்துக்கிட்டிருப்பா."

இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"பெட்டில எந்த விளக்கு எரியுது சார்?"

"எல்லாம் எரியுதும்மா. நட்சத்திரம், இடையன் குடிசை, பாலம்..."

"வைஃபை பெட்டியக் கேட்டேன் சார். அது எங்க இருக்கு?"

"பெத்லகேம்ல. கழுதைக்குப் பின்னாடி, மலைக்குள்ள."

"எங்க வீட்லயும் குடிலுக்குள்ளதான் சார் ஒளிச்சு வைப்பாங்க," என்றாள், கொஞ்சமும் அசராமல்.

பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து மறுபடி செருகச் சொன்னாள். செய்தேன். குகைக்குள் எட்டிப் பார்த்தால் பச்சை விளக்கு.

"அப்ப வெளியேருந்து வர்ற லைன் நல்லாத்தான் இருக்கு. பெட்டியச் சுத்தி உலோகம் ஏதாவது?"

"கொஞ்சம் அலுமினியத் தாள்."

"கொஞ்சமா?" என்றாள் ரோசால்பா பக்கத்திலிருந்து. "கடைல இருந்த சுருளையெல்லாம் வாரிட்டு வந்தாரும்மா. மீன் சுட ஒரு துண்டு கேட்டேன், தரல."

உண்மைதான். எதிர்வீட்டு எவெலியோ தன் குடிலில் கண்ணாடி ஏரி வைத்துப் பீற்றிக்கொண்டான். விடுவேனா? என் காகித மலைக்கு முந்தின ராத்திரி முழுக்க வெள்ளித்தாள் சுற்றி, எங்கள் ருயிஸ் பனிமலையையே பெத்லகேமுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதைப் பார்த்து ஆடுகளுக்கே ஜலதோஷம் பிடித்திருக்கும்.

"அதுதான் சார் மறைக்குது. எடுத்துடுங்க," என்றாள் அந்தப் பெண்.

ரோசால்பா கத்தரிக்கோலோடு வந்தாள். படியில் விருந்தாளிகளின் காலடிச் சத்தம். எவெலியோவின் இருமல் முன்னால் வந்தது.

"ஒரு நிமிஷம் குடு," என்று ரோசால்பாவின் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு அறை முழுக்க அலைந்தேன். நாற்காலியில் இல்லை, ஜன்னலில் இல்லை. குகை வாயில் மட்டும் தாள் சுற்றவில்லை. அதற்கு நேரே, மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில், தீவனத்தொட்டி. அங்கே வைத்ததும் சிக்னல் முழுசாக நிமிர்ந்தது.

"குழந்தையப் படுக்க வைக்கிற இருபத்து நாலாம் தேதி வரைக்கும் அது காலியா இருக்கணும்," என்றாள் ரோசால்பா.

"குழந்தை வர்ற வரைக்கும் உன் தங்கச்சி தங்கிக்கட்டும். அங்க வாடகை கேக்க மாட்டாங்க."

சிரித்துவிட்டாள். கத்தரிக்கோல் மேசைக்குப் போனது.

தொட்டியில் நூபியாவின் முகம் தெளிந்தது. அழுதிருந்தாள் போல, மூக்கு சிவந்திருந்தது.

"அத்தான், இந்தக் கழுதையக் கொஞ்சம் தள்ளுங்க. அக்காவ மறைக்குது."

தள்ளினேன். அவள் பாடினாள். எவெலியோ தொப்பியைக் கழற்றினான், மலையைப் பார்க்கவே மறந்துபோனான்.

மறுநாள் நானே தாளை உரித்தேன். மீன் அதில்தான் வெந்தது. இருபத்து நாலாம் தேதி, நாற்காலியில் சாய்த்து வைத்த கைபேசியிலிருந்து, நான் குழந்தையைத் தொட்டியில் வைப்பதை நூபியா பார்த்தாள்.

"என்னைக் காலி பண்ணிட்டீங்களா அத்தான்?"

"அடுத்த டிசம்பருக்கு நேர்லயே வந்துடு," என்றேன். "தொட்டில இனிமே இடம் கிடையாது."