ஏழாவது அடிக்குறிப்பு

அந்தக் கல்லூரியின் பொதுமேடையில் ஏறி யார் வேண்டுமானாலும் கலை, அரசியல், சமூக மாற்றம் என்று முழங்கலாம். முழங்கி முடித்ததும் ஓர் ஆய்வாளர் எழுந்து பத்து நிமிடம் பதிலுரை தருவார். அதற்கும் ஒரு விதி உண்டு. பதிலுரையை மூன்று நாள் முன்பே பேச்சாளருக்கு அனுப்பிவிட வேண்டும். மேடையில் வைத்து யாரும் யாரையும் முதுகில் குத்திவிடக் கூடாதாம். குத்த நினைப்பவனுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுக்கிற விதி இது என்று, பாவம், அதை எழுதிய மகானுக்குத் தோன்றவில்லை.

இந்த முறை பதிலுரை, கலை வரலாறு நடத்தும் விரிவுரையாளருடையது. சக ஆசிரியர்கள் அவளுக்கு வைத்த பெயர் அடிக்குறிப்பு. 'இன்று வெயில்' என்று எழுதினாலும் கீழே ஆதாரம் போடுகிறவள். பேச்சாளன் அவளோடு ஒரே வகுப்பில் படித்த சிநேகிதன். கிடைத்தால் விடமாட்டான் என்பதால் அவனுக்குப் பெயரே மைக்.

பேச்சு, நாற்பது வருடத்துக்கு முன் நடந்த ஆலை வேலைநிறுத்தத்தைப் பற்றி. அன்று ஊர்வலத்தின் முன்னால் போன பெரிய துணி ஓவியம் இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கீழே, இறந்துபோன சங்கத் தலைவரின் பெயர். வரைந்தது அவரில்லை. ஆலையின் சாயப் பிரிவில் வேலை பார்த்த அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. அதைக் கண்டுபிடிக்க அடிக்குறிப்புக்கு நான்கு வருடம் பிடித்தது. அந்தச் சாயக்காரம்மா வாயைத் திறக்க மேலும் ஒரு வருடம்.

"எங்க அக்கா அந்தப் படத்தை நினைச்சுதான் உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. அவ இருக்கிற வரைக்கும் இது வெளிய வரக் கூடாது. சத்தியம் பண்ணு," என்றாள் சாயக்காரம்மா. அடிக்குறிப்பு அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அதனால் பதிலுரையில் பெயரைச் சொல்லவில்லை. 'இதை ஒரே ஒருவரின் கைவேலையாகக் கொள்ள முடியாது' என்று மட்டும் எழுதினாள். எழுதிவிட்டுச் சும்மா இருந்தாளா? ஆதாரமில்லாமல் ஒரு வரி நின்றால் அவளுக்குக் கை அரிக்கும். ஏழாவது அடிக்குறிப்பாகப் பெயர், உறவு, பேசிய தேதி எல்லாவற்றையும் போட்டாள். மேடையில் அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள் என்ற தைரியம்தான். அனுப்பிய கையோடு மைக்குக்குப் போன் செய்தாள்.

"ஏழாவது குறிப்பு உனக்கு மட்டும்டா. மூச்சு விட்டுடாதே."

"அட, இதைக் கூடச் சொல்லணுமா? நாம என்ன நேத்துப் பழகினவங்களா?"

அன்று அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினராகத் தலைவரின் மனைவி. பக்கத்தில், அக்காவின் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு சாயக்காரம்மா. மைக் அரைமணி நேரம் நன்றாகவே பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்று ஓர் உண்மையை முதல்முறையாகச் சொல்லப் போகிறேன்," என்றான். பெயரைச் சொன்னான். உறவைச் சொன்னான். தேதியைக்கூட விடவில்லை. 'என் பல வருட ஆய்வில்' என்று வேறு சேர்த்துக்கொண்டான், படுபாவி. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அடிக்குறிப்புக்கு ஐந்து வருட உழைப்பு போனதுகூடப் பெரிதில்லை. ஒரே டப்பாவில் சாப்பிட்டவன் இப்படிச் செய்வானா என்பதுதான் ஆறவில்லை. முன்வரிசையில் அக்கா மெல்லத் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கை குனிந்த தலை நிமிரவில்லை.

பதிலுரைக்கு அழைத்தார்கள். மேடைக்கு நடந்துபோவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். சத்தியத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

"பேச்சாளர் சொன்ன தகவல் என் குறிப்பிலிருந்து எடுத்தது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த அம்மா தூரிகையைத் தொட்டதே இல்லை. ஓவியம் தலைவருடையதுதான். தவறு என்னுடையது."

மைக்கின் முகத்தில் ஈயாடவில்லை. கல்லூரி முதல்வர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இத்தனை வருடம் சேர்த்த நல்ல பெயர் ஒரு நிமிடத்தில் போயிற்று. போனால் போகட்டும் என்று நின்றாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "எனக்குத் தெரியாதா அவர் கை? இவளுக்கு ஒரு கோடு நேராப் போட வருமா?" என்று சிரித்தாள். தங்கையும் கூடவே சிரித்துவைத்தாள்.

கூட்டம் கலைந்தது. அக்காவைக் காரில் உட்கார வைத்துவிட்டு, மறந்த குடைக்காகத் திரும்பி வந்த சாயக்காரம்மாவை வராந்தாவில் மறித்து, அடிக்குறிப்பு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. அவனை நம்பி ஏமாந்துட்டேன். எப்படியோ சமாளிச்சாச்சு."

சாயக்காரம்மா கையை உருவிக்கொண்டாள்.

"எனக்காக இத்தனை பேர் கைதட்டினது இதுதான் முதல் தடவை. அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு நடுங்கிக்கிட்டு இருந்தேன். ஆனாலும் சந்தோஷமா இருந்துச்சும்மா. திருட்டுப்பய வாயில வந்தாலும் அது நிஜம்." கார் நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "நீதான் நான் தொட்டதே இல்லைன்னு சொன்ன. எல்லாம் தெரிஞ்ச நீ சொன்ன. இனிமே நானே வாயைத் திறந்தாலும் யாரு நம்புவா?"