பத்தாவது அடுப்பு

ஹுசைனா மண் பிசைந்துகொண்டிருந்தாள். புற்றுமண்ணும் உமியும் அரைக்கூடை இருந்தன. தண்ணீரை மட்டும் உள்ளங்கையில் ஏந்தி ஏந்தித் தெளித்தாள். அது ஒரு மைலுக்கு அப்பாலிருக்கும் குளத்திலிருந்து அவள் தலைமேல் ஏறி வந்த தண்ணீர். மண் பதமானதும் முற்றத்தின் மறுபுறச் சாய்ப்பில், சுவர் ஓரமாக அடுப்பை எழுப்பி, விளிம்பில் மூன்று குமிழ்களை வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். மூன்றாவது குமிழில் விரல் பதிந்தபோது அவளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. முக்காட்டை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள். சந்தோஷம் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது. ஏனென்றால் இது பொய் அடுப்பு.

நாலு மாதம் முன்புவரை அரக்கோணத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு ஊர் இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஏரோப்ளேன் இறங்க இடம் வேண்டுமென்று பட்டாளத்துக்காரர்கள் சங்கிலி போட்டு அளந்தார்கள். சங்கிலி ஊருக்கு நடுவே போயிற்று. அங்கிருந்த ஒன்பது குடும்பங்களுக்குத் திருத்தணி மலைக்குக் கிழக்கே, கள்ளியும் காரைமுள்ளும் மண்டிக் கிடந்த ஒரு மேட்டில் இடம் கொடுத்தார்கள். முள்ளை வெட்டினார்கள், பாம்புகளைத் துரத்தினார்கள், பனையோலை போட்டுக் குடிசை கட்டினார்கள். ஊருக்கு இன்னும் பெயர் வைத்தபாடில்லை. சந்தையில் யாராவது 'எந்த ஊரு?' என்று கேட்டால் மலைக்கு அந்தப் பக்கமாகக் கையைக் காட்டிவிட்டு வந்தார்கள்.

மேட்டில் காற்று இருந்தது, வெயில் இருந்தது, விடிகாலையில் மலைக்கோயில் மணிச்சத்தம்கூட வந்தது. தண்ணீர்தான் இல்லை. போன மாதம் வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி, சைக்கிளிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே ஊன்றிக்கொண்டு சொன்னார்: "பத்து அடுப்பு எரிஞ்சா சர்க்கார் கிணறு வெட்டித் தரும். ஒம்போதுக்கு உத்தரவு இல்ல. அடுத்த மாசம் வந்து எண்ணுவேன். எண்ணிக்கைக்காகப் புதுசா ஒரு அடுப்பப் போட்டு என்னை ஏமாத்தலாம்னு பாக்காதீங்க. போன வாரம் ஒரு ஊர்ல அப்படி மூணு அடுப்ப இடிச்சிட்டு வந்தேன்."

அவர் போனதும் ஊரே கூடி யோசித்தது. குடை வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் ஜெகநாதனை எல்லாரும் பெரியதனக்காரராக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் குடையை மடக்கி ரசூலின் வீட்டுப் பக்கம் நீட்டினார். வண்டிச்சக்கரத்துக்குப் பட்டை அடிக்கும் ரசூலும் அவன் தம்பி கரீமுல்லாவும் மனைவிமாரோடு ஒரே வீட்டில் இருந்தார்கள்.

"ரசூல் பாய், உங்க வூட்ல ரெண்டு ஜோடி இருக்குது, அடுப்பு ஒண்ணுதான் எரியுது. பிரிஞ்சிடுங்களேன்."

"எதுக்குங்க பிரியணும்? எங்களுக்குள்ள சண்டையே இல்லியே."

"போட்டாப் போச்சு!"

அண்ணன் தம்பி சண்டை போட முடியாது. ஒருவன் இரும்பைப் பிடித்தால்தான் மற்றவன் அடிக்க முடியும். ஆகவே சண்டை பெண்கள் தலையில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் வரும்போது ரசூலின் மனைவி குல்ஜார் பேகமும் கரீமுல்லாவின் மனைவி ஹுசைனாவும் அவர் கண்ணெதிரே சண்டை போட வேண்டும். பார்த்ததும், இது நிஜமாகப் பிரிந்த குடும்பம்தான் என்று அவர் நம்பிவிடுவார்.

"எனக்குத் தமிழ்ல திட்டு பத்தாதுங்களே, நடுவுல உருது வந்துட்டா?" என்று கவலைப்பட்டாள் குல்ஜார்.

"வரட்டும்மா. புரியாத திட்டு இன்னும் காரமா இருக்கும்" என்றார் ஜெகநாதன்.

குல்ஜாரைப் பற்றி யாருக்கும் பயமில்லை. அவள் பேச ஆரம்பித்தால் காக்கைகள்கூட வேறு மரம் தேடும். பயமெல்லாம் ஹுசைனாவைப் பற்றித்தான். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. பேச்சையும் அவள் அந்தக் குளத்துத் தண்ணீர் மாதிரிதான் செலவு செய்தாள். அது அவளுக்குக் குறையாகவும் தெரியவில்லை. சும்மா இருப்பதில் பல தினுசு உண்டு என்று அவளுக்குத் தெரியும். சக்கரப்பட்டையைத் தணலில் போட்டுவிட்டு அது சிவக்கும்வரை கரீமுல்லா சும்மா இருப்பது ஒரு தினுசு. மத்தியான வெயிலில் மலை சும்மா இருப்பது இன்னொரு தினுசு. அவளுக்குப் பதிலாகவும் சேர்த்து, அவள் பாபி என்று கூப்பிடும் ஓரகத்தி குல்ஜாரே பேசிவிடுவாள். அடுப்பைப் பற்றவைப்பதும் பாபிதான், உப்புப் போடுவதும் பாபிதான். பருப்பில் இன்னும் நாலு பல் பூண்டு தட்டிப்போட்டால் எப்படியிருக்கும் என்று ஹுசைனா நினைத்ததுண்டு. அன்போடு சோறு போடுகிறவளிடம் பூண்டைப் பற்றி எப்படிப் பேசுவது? ஏழு மாதமாக அந்த நாலு பல் பூண்டு அவள் மனசிலேயே கிடந்தது.

பக்கத்துக் குடிசை கௌரியம்மாள் ஒத்திகைக்கு வந்தாள்.

"தோ பாரு ஹுசைனா, ரொம்ப வேணாம். 'நீ இன்னா பெரிய இவளா'ன்னு ஒரே ஒரு வாட்டி கேளு, போதும்."

ஹுசைனா மூச்சை இழுத்துக்கொண்டாள். பாபியின் முகத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"நீங்க... என்ன பெரிய இவங்களா?"

குல்ஜாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கௌரியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கிணறு வந்தா மாதிரிதான் போ!"

செவ்வாய்க்கிழமை காலை சைக்கிள் மணி கேட்டது. விருந்தாளிக்கு இளநீர் கொடுக்கலாமென்று யாரோ சொன்னதற்கு, வேண்டாம், நாம் குடிப்பதையே கொடுப்போம் என்று ஜெகநாதன் தீர்மானமாகச் சொல்லியிருந்தார். கோதண்டபாணி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். டம்ளருக்குள் பார்த்தார்.

"தண்ணி ஒரு மாதிரியா இருக்குதே?"

"அதத்தாங்க நாங்களும் சொல்லிகினு இருக்கோம்."

அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே குடிசை குடிசையாக நுழைந்து எண்ணிக்கொண்டு வந்தார். எட்டு ஆயிற்று. ரசூல் வீட்டு வாசலை மிதித்தாரோ இல்லையோ, குல்ஜார் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏழு மாசம்! ஏழு மாசம் இந்தக் கையால ஆக்கிப் போட்டேன்! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நல்லா இருக்குதுன்னு வாய் தொறந்து சொன்னாளா கேளுங்க!"

ஹுசைனாவுக்குச் சுருக்கென்றது. இது ஒத்திகையில் இல்லாத வசனம். பாபி நிஜமாகத்தான் சொல்கிறாளோ? பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் அவளைத் தாண்டிப் போய்ப் புது அடுப்பின் முன் குனிந்தார். சாம்பலின் மேல் கையை நீட்டினார். "அணைஞ்சு கிடக்குது. எரியாத அடுப்ப நான் எண்ணறதில்ல."

அப்போதுதான் ஹுசைனா பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தனியாகப் பற்றவைத்த அடுப்பு அது. யுத்த காலத்தில் தீப்பெட்டி கிடைப்பது பெரும்பாடு. கரீமுல்லா எங்கிருந்தோ ஒரே ஒரு குச்சி வாங்கிவந்து கொடுத்திருந்தான். எரிந்துகொண்டுதான் இருந்தது. சைக்கிள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்ததில் விறகைத் தள்ள மறந்துவிட்டாள். பானையில் அரிசி பாதி வெந்தும் பாதி வேகாமலும் நின்றது. கிணறு, எண்ணிக்கை, சண்டை எல்லாம் அவள் தலையை விட்டுப் போய்விட்டன. சோறு கெட்டுவிடும் என்பது ஒன்றுதான் தெரிந்தது.

ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று முற்றத்தைத் தாண்டினாள். அடுத்த திட்டுக்காகக் கையை உயர்த்தி நின்ற குல்ஜாரின் எதிரே போய் நின்றாள்.

"பாபி, கொஞ்சம் நெருப்பு குடுங்க."

குல்ஜாரின் கை அப்படியே நின்றது. 'போச்சு' என்று கௌரியம்மாள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பாதியில் விட்ட திட்டை குல்ஜார் விழுங்கினாள். உள்ளே போய் இடுக்கியால் தன் அடுப்பைக் கிளறி, நன்றாகக் கனிந்த தணலாகப் பார்த்து நாலு துண்டு எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டாள்.

"மேல ஊதாதடி, ஓரத்துல ஊது. சாம்பல் பறக்கும்."

ஹுசைனா ஓரத்தில் ஊதினாள். புகை வந்தது, கண்ணில் நீர் வந்தது, பிறகு தீ வந்தது. பானை சளசளக்கத் தொடங்கியது.

கோதண்டபாணி அந்தப் பானையையும் கொட்டாங்குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜெகநாதன் பக்கம் திரும்பினார். "இவங்களுக்குள்ள சண்டையா?"

"ஆங்... இல்லிங்க... காலைல இருந்துச்சுங்க."

இன்ஸ்பெக்டரின் மீசை ஆடியது. "சண்டை எனக்கு எதுக்குய்யா? எங்க வீட்ல பாகம் பிரிஞ்சு இருவது வருஷம் ஆவுது. இன்னிக்கும் எங்க அண்ணி எங்க வீட்லதான் நெருப்பு வாங்கினு போவாங்க. ஒரே அடுப்புல ஆக்கித் தின்றவங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் நெருப்பு கேக்கமாட்டாங்க." நோட்டைத் திறந்து பத்து என்று எழுதினார். டம்ளரில் மிச்சமிருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார். போகிற வழியில் ஊர் நடுவே நின்று, குதிகாலால் மண்ணைத் தட்டிப் பார்த்து, அங்கே கிணற்றுக்கு அடையாளமாக ஒரு முளைக்குச்சியை அடிக்கச் சொன்னார். முளை இறங்கியபோது கௌரியம்மாள் போட்ட குலவை மலைக்கே கேட்டிருக்கும்.

அன்று ஹுசைனா வைத்த பருப்பில் நாலு பல் பூண்டு அதிகம் இருந்தது. கரீமுல்லா மூன்று முறை சோறு கேட்டு வாங்கினான். "எண்ணிட்டுப் போயிட்டாங்க. இனி ஒண்ணா ஆயிடுங்க, இன்னொரு வாட்டி வந்தா பாத்துக்கலாம்" என்று ஜெகநாதன் சொல்லிவிட்டுப் போனார். குல்ஜார் உள்ளே போய்விட்டாள். பொழுது சாயும்வரை அவள் யாரோடும் பேசவேயில்லை. சும்மா இருப்பதில் ஹுசைனாவுக்குத் தெரிந்த எந்தத் தினுசிலும் இது சேரவில்லை. தன்னிடம் கோபமா, பூண்டு வாசனை அந்தப் பக்கம் போயிருக்குமா என்று நினைத்து நினைத்து, தணலைச் சாம்பலால் மூடிவிட்டு வந்து படுத்தாள்.

விடிந்தது. அடுப்பை ஊதுவதா இடிப்பதா என்று தெரியாமல் ஹுசைனா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாம்பலை விலக்கினாள். உள்ளே தணல் சிவப்பாக இருந்தது. குனிந்து ஓரத்தில் ஊதி இரண்டு சுள்ளிகளை வைத்தாள்.

முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது. குல்ஜார், கையில் கொட்டாங்குச்சியோடு வந்து நின்றாள்.

"ஹுசைனா, கொஞ்சம் நெருப்பு குடு. என் அடுப்பு அணைஞ்சு போச்சு."

ஹுசைனா நிமிர்ந்தாள். பாபியின் தோளுக்குப் பின்னால், அவள் வீட்டுக் கூரையின் மேலே, புகை நேராக எழுந்து மலையைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு பாபியைப் பார்த்தாள். பாபியோ ஊர் நடுவே நின்ற முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருந்ததிலேயே பெரிய தணலாக எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டாள் ஹுசைனா.

"மேல ஊதாதீங்க பாபி. ஓரத்துல ஊதுங்க."

குல்ஜார் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். எங்கே சிந்திவிடுமோ என்பதுபோல இரண்டு கையாலும் நெருப்பை ஏந்திக்கொண்டு, புகைந்துகொண்டிருந்த தன் வீட்டைப் பார்த்து மெல்ல மெல்ல நடந்தாள்.