ஆறக் கூடாத வால்

பெற்ற மனம் பித்து என்று சொல்லிவிட்டு எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பித்துப் பிடித்தவள் என்னென்ன செய்வாள் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நகோன் பதோம் ஊரில் கால்வாய் ஓரம் வாழைப்பழம் பொரித்து விற்கும் லம்யாய்க்குப் பிடித்த பித்து, ஒரு சண்டை மீனின் வாலில் போய் விடிந்தது.

மீன் அவளுடையது இல்லை. மகள் பிம்முடையது. காளான் பண்ணை வேலைக்காகக் கொரியாவுக்குக் கிளம்பிய அன்று பிம் அம்மாவைக் கட்டிக்கொண்டதைவிட அந்தக் கண்ணாடி ஜாடியைக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். உள்ளே இருந்த மீனுக்கு ஃபா என்று பெயர் வைத்திருந்தாள். வானம் என்று அர்த்தம். உடம்பெல்லாம் நீலம், விரித்தால் பட்டுப் பாவாடை போல வால். "அம்மா, இவனப் பத்திரமாப் பாத்துக்க" என்றாள். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று அவளும் சொல்லவில்லை, லம்யாயும் கேட்கவில்லை.

போன புதிதில் வாராவாரம் வீடியோவில் வந்தாள். அது மாதத்துக்கு ஒன்றானது. பிறகு கும்பிடு போடும் கரடிப் படம் ஒன்று போனில் வந்து விழும், அவ்வளவுதான்.

லம்யாய்க்கு மீன் மேல் வெறுப்பும் இல்லை, விருப்பமும் இல்லை. தண்ணீர் மாற்ற மறந்துபோனாள். வாலின் ஓரம் கறுத்து, நார் நாராகத் தொங்க ஆரம்பித்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட பிம் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, என்னம்மா இது! வாலு அழுகுதும்மா!"

ஒப்பாரியே வைத்துவிட்டாள். விமான நிலையத்தில் கண் கலங்காத பெண் அவள்.

"தண்ணி மாத்தினியா?"

"மாத்தினேன்டி."

"பொய் சொல்லாத. அடியில இருக்கிற அழுக்கு இங்கேர்ந்தே தெரியுது. இனிமே தினம் பாதித் தண்ணிய எடுத்துட்டு, முந்தின நாளே பிடிச்சு வச்ச தண்ணிய ஊத்து. காஞ்ச வாதாம் இலை போடு, பக்கத்து வீட்டுச் செங் மாமாவக் கேட்டாத் தருவாரு. கல்லுப்பு ஒரு சிட்டிகை. சிட்டிகைன்னா சிட்டிகைதாம்மா. நீ சமையலுக்கு அள்ளிப் போடற மாதிரி கைப்பிடி போட்டேன்னா செத்தே போயிடும். வேற மீன அவன் கண்ல காட்டாத. சிலிர்த்துக்கிட்டு நின்னா மிச்ச வாலும் கிழிஞ்சுடும்."

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டாள். "ஜாடிகிட்டப் போனக் கொண்டு போ" என்பதுதான் முதல் வார்த்தை. ஆனால் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே வேறு பேச்சும் வரும். குளிரில் விரல் வெடிப்பது, மேற்பார்வைக்காரியின் குறட்டை. "உன் புளிக்குழம்பு நாக்குலயே நிக்குதும்மா" என்று ஒருநாள் சொன்னாள். லம்யாய் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அந்த நேரம் வந்தால் முகத்துக்குப் பவுடர் பூசி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்துகொள்வாள். பிம் பார்த்ததெல்லாம் ஜாடியைத்தான்.

முற்றத்துக் காவல் தெய்வத்துக்குச் சிவப்புச் சோடா வைத்து, மீன் பிழைக்க வேண்டும் என்று லம்யாய் வேண்டிக்கொண்டாள். தெய்வம் காது கொடுத்துக் கேட்டுத் தொலைத்தது. வாலின் ஓரத்தில் கண்ணாடித் தாள் மாதிரி புதுச் சவ்வு முளைத்தது. பிம் அங்கே கைதட்டினாள்.

"பொழைச்சுட்டான்மா! இனிமே கவலையில்ல."

மறுநாள் போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எண்ணெய்ச் சட்டியில் பழம் கரிய, லம்யாய் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் அவளே கூப்பிட்டாள்.

"என்னம்மா, வேலைல இருக்கேன். மீனுக்கு ஏதாவதா?"

"இல்லடி, அவன் நல்லா இருக்கான். சும்மாதான்..."

"அப்ப வைக்கிறேன்."

அன்று சாயங்காலம் லம்யாய் பக்கத்து வீட்டுச் செங்கிடம் போனாள். அவர் பந்தயத்துக்குச் சண்டை மீன் வளர்க்கிறவர். தட்டைப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை ஒன்று பார்த்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் அட்டை.

"அண்ணே, எனக்கு ஒண்ணு குடுங்க. நல்லாக் கோவக்காரனா இருக்கணும்."

"எதுக்கு? உன் மக மீனே இப்பத்தான் பொழைச்சு எந்திரிச்சிருக்கு."

"அதுக்குத் துணையா இருக்கட்டும்னுதான்."

செங் விழுந்து விழுந்து சிரித்தார். "சண்ட மீனுக்குத் துணையா? மருமகளுக்கு மாமியா துணைங்கற மாதிரியில்ல இருக்கு! எடுத்துக்கிட்டுப் போ. நடுவுல இருக்கிற அட்டைய மட்டும் எடுத்துடாத."

கட்டை வால், சிவப்பு உடம்பு, வெறி பிடித்த கண். மறுநாள் காலையில் அந்தப் பாட்டிலை ஃபாவின் ஜாடியோடு ஒட்டி வைத்து, லம்யாய் அட்டையை உருவினாள். ஃபா செவுளை விரித்தது, வாலை விரித்தது, கண்ணாடியில் போய் முட்டியது. சிவப்பன் அந்தப் பக்கத்திலிருந்து முட்டினான். வெயில் ஏறி இறங்கும்வரை இரண்டும் ஓயவில்லை. ஆறிய வால் நுனியிலிருந்து வகிடு எடுத்தாற்போலப் பிளந்தது. தண்ணீரையும் அவள் மாற்றவில்லை. சில நாளில் கிழிசலின் ஓரம் கறுத்தது.

அட்டையைச் செருகிவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"பிம்மு, திரும்பவும் வந்துடுச்சுடி."

"ஐயோ! இரு, சாப்பிடப் போறப்பக் கூப்பிடுறேன்."

கூப்பிட்டாள். தினமும் கூப்பிட்டாள். மறுபடி வாதாம் இலை, மறுபடி சிட்டிகை உப்பு, மறுபடி குளிரும் குறட்டையும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது எவ்வளவு சுகமான வேலை என்று லம்யாய் கண்டுகொண்டாள். வால் ஆறுகிற மாதிரி தெரிந்தால் அட்டையை உருவுவாள். பிம் பதறினால் அட்டையைச் செருகுவாள். "பொறுத்துக்கடா" என்று மீனிடம் சொல்லவும் செய்தாள். பாவமாகத்தான் இருந்தது. நேற்றைய பேச்சு அதைவிட இனித்தது. காவல் தெய்வத்துக்கு மட்டும் சோடா வைப்பதை நிறுத்திவிட்டாள், அது மறுபடி குணப்படுத்திவிடுமோ என்ற பயத்தில்.

கடைசியில் வால் என்று சொல்ல ஒரு கட்டைதான் மிஞ்சியது. அடிப்பக்கம் ரத்தச் சிவப்பு. ஃபா நீந்தவில்லை. இலைமேல் சாய்ந்து கிடந்தது. எதிரே சிவப்பன் முட்டியபோது செவுளை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தது.

"அம்மா, ஒண்ணு சொன்னாக் கோச்சுக்க மாட்டியே?" என்றாள் பிம்.

"சொல்லுடி கண்ணு."

"உன்னால இதப் பாத்துக்க முடியல. உன் மேல தப்பில்ல, உனக்கும் வயசாகுது. நாளைக்கு என் சிநேகிதி கிப் வருவா. ஃபாவ அவகிட்டக் குடுத்துடு."

"வேணாண்டி. நான் பாத்துக்கறேன். நீ தினம் சொல்லிக் குடுத்தாப் போதும்."

"அதான்மா முடியல. சாப்பிடற நேரம் பூரா இதுலயே போகுது. மேற்பார்வைக்காரி வேற மொறைக்கிறா. உனக்கும் தொல்லை விட்டுது, எனக்கும் தொல்லை விட்டுது."

எவ்வளவு அன்பாகச் சொன்னாள் பாருங்கள். கத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு ஆழம் போயிருக்காது.

மறுநாள் கிப் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். போன் கடையில் வேலை பார்க்கும் பெண், சிரித்த முகம். லம்யாய் கொடுத்த பொரித்த பழத்தைத் தின்றுகொண்டே ஜாடியை எட்டிப் பார்த்தாள்.

"அச்சோ, என்ன இப்படி ஆயிட்டான்! நல்லவேளை, எங்கிட்ட வரான். பிம் இனிமே தினமும் எனக்குக் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காம்மா. இவனப் பாக்காம அவளுக்குச் சோறு எறங்காதாம்."

"தினமுமா?" என்றாள் லம்யாய்.

"ஆமாம்மா. எனக்கும் பொழுது போகும்."

லம்யாய் ஜாடியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் கட்டினாள். வாதாம் இலைகளைச் சுருட்டி ஒரு பையில் போட்டாள். கல்லுப்புப் பொட்டலத்தையும் எடுத்தாள்.

"நல்ல நாள்லயே எனக்கு மீனப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள் கிப். "தண்ணி மாத்தணும், இலை போடணும், அது ஞாபகமிருக்கு. இந்த உப்பு எவ்ளோ போடணும்? பிம் சொன்னா, மறந்துட்டேன். திரும்பக் கேட்டா கத்துவா."

லம்யாய் ஜாடியைப் பார்த்தாள். இலைமேல் ஃபா சாய்ந்து கிடந்தது. இது செத்தால் பிம் அழுவாள். போனைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுவாள். அப்படி அழுகிறவள் எந்தச் சிநேகிதியைக் கூப்பிடுவாள்? அம்மாவைத்தான் கூப்பிடுவாள்.

பொட்டலத்தை கிப்பின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"ஒரு கைப்பிடி போடு கண்ணு."

"தினமுமா?"

"வேணாம். ஒரு தடவ போட்டாப் போதும்."