வெயிலுக்கு வைத்த தாள்

புவனேந்திரன் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஈரம் விரலுக்குத் தெரியாது, கன்னத்துக்குத்தான் தெரியும் என்பார்.

"இன்னும் நமுத்துப்போயிதான் இருக்கு."

முன்னறையில் அவர் மனைவி ஜெயலெட்சுமி சவப்பெட்டிக்குள் கிடந்தாள். பின்னேரம் எடுப்பதாகப் பேச்சு. கொழும்பிலிருந்து விடிய வந்து இறங்கிய மகள் ஜீவராணிக்குக் கோபம்தான் வந்தது. பொண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், இந்த மனுஷன் கடுதாசியோடு மல்லுக்கு நிற்கிறாரே. கிட்டப் போய்ப் பார்த்தாள். தாளில் பென்சில் கோட்டில் அம்மாவின் முகம்.

கரண்டில் காயும் சூட்டுக்கம்பியால் தாளில் கோடு கோடாகப் படம் சுட்டு அப்புத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பவர் அவர். எல்லாம் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் வாங்குகிற, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்கள். அம்மா தன் முகத்தைக் கேட்டது நோயில் விழுந்த பிறகுதான். பளபளப்பு அட்டை சுட்டால் புகைந்து கறுத்துவிடும் என்று, பஞ்சு கலந்த தடித்த தாளாகத் தேடி வாங்கினார். அவளை உட்காரவைத்துப் பென்சிலில் வரைந்தார்; அதன் மேல் சுடுவதுதான் பாக்கி. அதோடு மழை பிடித்துக்கொண்டது. ஈரத் தாளில் கோடு திட்டுத் திட்டாகிவிடும். வெயில் வரட்டும் என்றார். அவளும் சரி என்றாள்.

"பொட்டிய மூடுறதுக்குள்ள சுட்டு முடிச்சு அவகிட்ட காட்டிரணும், ஜீவா."

"அயன் பொட்டியால தேச்சிருவமாப்பா?"

"பென்சில் கோடு அழிஞ்சிரும்."

மழைக்காலத்தில் கடைக்குப் போகிற தாள்களை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காயவைப்பார்; அவள் முகத்தில் மட்டும் புகை படியக்கூடாது என்று வெயிலுக்குக் காத்திருந்தார். இப்போது அதற்கும் வழியில்லை; பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது.

"பக்கத்து வீட்டு அடுப்புல?"

"பச்சப்புள்ள இருக்கிற வீடு. எழவு வீட்டுச் சாமான அங்க எப்புடிக் கொண்டு போறது?"

"அப்ப நம்ம அடுப்பையே மூட்டுறேன். யாரு என்ன சொன்னா என்ன?"

அவர் முன்னறைப் பக்கம் பார்த்தார்.

"வேணாம். ஒங்கம்மா இதெல்லாம் பாக்கிறவ."

பெட்டியை மூடும்போது அவர் வெறுங்கையோடு நின்றார். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜீவராணி அழுதுகொண்டே வீட்டைக் கழுவி அடுப்பை மூட்டினாள். வாசலுக்கு வந்தபோது மழை விட்டு, தோட்டத்து லயவீடுகளின் முற்றம் முழுக்க வெயில் அடித்தது. தாளைக் கொண்டுவந்து துணி துவைக்கிற கல்லின் மேல் விரித்தாள்.

குழிமேட்டில் அடக்கம் முடித்துத் திரும்பிய புவனேந்திரன் குளித்த ஈரத்தோடு கல்லருகே வந்தார். முகத்தைத் துடைத்துவிட்டுத் தாளைக் கன்னத்தில் வைத்தார்.

"காஞ்சிருச்சு."

"கம்பிய மாட்டவாப்பா?"

அவர் தாளைத் திரும்பவும் கல்லின் மேல் விரித்தார். கூரை நிழல் கல்லின் மேல் ஏறியதும், தாளை எடுத்து வெயில் இருக்கிற பக்கம் வைத்தார். நிழல் அங்கேயும் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.