என் மனைவியை ஃபெயிலாக்கிய கதை

1.
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஸ்பானிஷில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இந்தக் கதை எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து திருடியது. வினைச்சொற்களை அசை அசையாகப் பிரித்து, அழுத்த வேண்டிய அசைக்குச் சிவப்புக் கோடு போட்டு அங்கே ஒட்டிவைத்திருக்கிறாள் என் மனைவி.

அவள் பிசியோதெரபிஸ்ட். நாளை மறுநாள் வாய்மொழித் தேர்வு. தேறினால் ஸ்பானிஷ் பேசும் ஊர் ஒன்றில், ஆஸ்பத்திரியில் இரண்டு வருட வேலை. தனியாகத்தான் போக வேண்டும்.

2.
முதல் வரி: 'மொழி என்பது ஒரு

(வேண்டாம். இப்படி ஆரம்பித்த எதையும் நான் முடித்ததில்லை.)

இன்னொன்று: 'அவள் முழங்காலை மடக்கினாள்.' இது பரவாயில்லை, நடந்ததும்கூட. முழங்காலில் ஆபரேஷன் ஆன ஒரு பஸ் டிரைவருக்குப் பயிற்சி கொடுத்தபடியே பாடம் படிப்பாள். 'கான்-தா-ரே-மோஸ்', அதாவது பாடுவோம். அழுத்தம் 'ரே'யில். அந்த அசை வரும்போதுதான் அவர் காலையும் அழுத்துவாள்.

"பாடுவோம்னு சொல்லிட்டு உயிரை எடுக்கிறீங்களேம்மா," என்றார் டிரைவர்.

[அவர் 'அம்மா' என்று கத்தியதோடு சரி. மீதி என் சொந்தச் சரக்கு.]

3.
முடிவு அ: பச்சைக் கைப்பையோடு பரீட்சைக்குப் போன நாயகி 'போல்-பே-ரே' என்கிறாள். திரும்பி வருவேன் என்று அர்த்தம். கடைசி அசையை அழுத்த மறந்துவிடுகிறாள். தேர்வாளர் உதட்டைப் பிதுக்குகிறார். தோல்வி. கணவன் காபி போட்டுக் கொடுத்துத் தேற்றுகிறான். (அவனுக்குக் காபி போடத் தெரியாது.)

முடிவு ஆ: அதே தோல்விதான். மழை மட்டும் கூடுதல்.

முடிவு இ: தேறிவிடுகிறாள். விமான நிலையத்தில் கணவன்

(நான்கு நாளாக இந்த வாக்கியம் இப்படியே நிற்கிறது.)

4.
இன்று காலை நான் எழுதிய இந்தத் தாள்களை அவள் படித்துவிட்டாள்.

"மூணுல ரெண்டு முடிவுல என்னை ஃபெயிலாக்கி வச்சிருக்கீங்க."

"அது கதைம்மா. நாயகி வேற, நீ வேற."

"அப்ப அவ எதுக்கு என் பச்சைக் கைப்பையைத் தூக்கிட்டுப் போறா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். கலை, கற்பனை என்று ஏதோ மென்று விழுங்கினேன். அவள் விடுகிற ஆளில்லை.

"நான் போகக் கூடாதுன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. கதையில ஒளிஞ்சுக்காதீங்க."

"பயமா இருக்கு," என்றேன். இருபது வருடமாக எழுதிக் கிழிக்கிறவனுக்குக் கிடைத்தது இரண்டே சொல்.

"எனக்கும்தான்," என்றாள். "ஆனா நான் படிச்சிட்டிருக்கேன்."

பேனாவைப் பிடுங்கி அ, ஆ இரண்டையும் குறுக்கே அடித்தாள். பிறகு சுவரிலிருந்த வினைச்சொல் பட்டியலை எடுத்து என் கையில் கொடுத்து, பாடம் கேட்கச் சொன்னாள்.

5.
கூப்பிடுகிறாள், நான் போக வேண்டும். இ-யை நீங்களே எழுதிவிடுங்கள். கணவனை உங்கள் இஷ்டப்படி அழவிடலாம். ஆனால் அவள் பாஸாக வேண்டும், அதில் மாற்றமில்லை. எனக்குத்தான் அதை எழுத இன்னும் கை வரவில்லை.