மாத்திரை மறைத்த காய்ச்சல்

காலையில் எழுந்ததுமே அவளுக்குக் குளிர் நடுக்கம். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவன் அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தான். அவள் சத்தமில்லாமல் ஒரு காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தையல் மிஷின் முன் உட்கார்ந்தாள்.

காய்ச்சல் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் ரத்தத்தில் சிவப்பணுக்கள் தாமாகவே உடையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து அதை நிறுத்தியிருந்தது. ஆனால் அதே மருந்து, கிருமிகளைத் தடுக்கும் உடம்பின் காவல்காரர்களில் ஒருவனையும் தூங்கவைத்துவிடும். மூளைக்காய்ச்சல் கிருமி நுழைந்தால் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும், தடுப்பூசி போட்டாச்சே என்று இருந்துவிடக் கூடாது என்று பெரிய டாக்டர் எச்சரித்து, எப்போதும் கையில் வைத்திருக்க ஒரு அட்டையும் கொடுத்திருந்தார்.

ஏற்கெனவே இரண்டு முறை காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்கள். இரண்டும் வெறும் சளி. "அங்கயே ஒரு ரூம் வாடகைக்கு எடுத்துக்கோங்கடா, அலைச்சலாவது மிச்சம்," என்றாள் மாமியார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் காது சிவக்க நின்ற கணவனின் முகம் அவள் மனதில் தங்கிவிட்டது.

மதியம் சாப்பிட வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"கறுப்புத் துணியைத் தைக்கறே, ஜன்னலை ஏன் மூடி வச்சிருக்க?"

"வெளிச்சம் கண்ணைக் குத்துதுங்க."

அவன் அவள் நெற்றியைத் தொட்டான். சுடவில்லை. இருந்தும் வெளிச்சத்துக்குக் கண் கூசுவது சரியாகப் படாமல் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டான்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் அட்டையைப் படித்தார். தெர்மாமீட்டரையும் பார்த்தார்.

"ஜுரமே இல்லையே சார். ரத்தம் மட்டும் எடுத்துக்கறேன். வீட்டுக்குப் போய் இருங்க, ரிசல்ட் வந்ததும் கூப்பிடறோம்."

"சரிங்க," என்று அவன் தலையைக் குனிந்தான். காது மறுபடியும் சிவந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. இப்போது வாயைத் திறந்தால் காலையிலிருந்து மறைத்தது தெரிந்துவிடும். திறக்காவிட்டால் வீடு. கழுத்து வேறு மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது.

"டாக்டர், காலையில நூத்தி ரெண்டு இருந்துச்சு. நான்தான் மாத்திரை போட்டு அடக்கிட்டேன். கழுத்தை வளைக்க முடியல."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இதை முதல்லயே சொல்ல வேண்டாமாம்மா? சிஸ்டர், ரத்தம் எடுத்துட்டு உடனே ஆன்டிபயாடிக் ஏத்துங்க. ரிசல்டுக்குக் காத்திருக்க வேண்டாம்."

மறுநாள் சாயங்காலம்தான் அவளால் தலையைத் திருப்ப முடிந்தது. ரத்தத்தில் அந்தக் கிருமியேதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவன் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டார்.

டாக்டர் போனதும் அவன் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"ஒண்ணுமில்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லும்போதெல்லாம் நீங்க கூசிப்போய் நிக்கறீங்க. என்னால பாக்க முடியலங்க."

"நான் கூசினா உனக்கென்னடி? கூசிட்டுப் போறேன்." அவன் குரல் உடைந்தது. "நூறு தடவை திருப்பி அனுப்பட்டும். நூறு தடவையும் உன்னைக் கூட்டிட்டுத்தானே வீட்டுக்குப் போவேன்?"

அவள் ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நகர்த்தி அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.